தபீத்தாள் தைத்த வஸ்திரங்கள்

பெண்கள் ஐக்கிய சங்கப் பாடம்
வேதபகுதி: அப்போஸ்தலர் 9:36-42



இந்தப் பாடத்தை வாசிக்குமுன் வேதபகுதியை ஒருமுறை நிதானமாய் வாசித்துவிடுங்கள். ஏழே வசனங்கள்தான்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிச் சபைகளில் ஜெபக்கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும் வேளையில், சகோதரிகள் மெதுவாகச் சொல்லும் ஒரு பேச்சு உண்டு. எங்களால் என்ன ஊழியம் செய்ய முடியும் என்பதே அது. ஒருவர் விடியற்காலம் நான்கு மணிக்கு எழுந்து சோறு பொங்கி, பிள்ளைகளுக்குப் பாத்திரத்தில் அடைத்துவைத்து, மில் வேனைப் பிடிக்க ஓடுகிறவர். இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் தார் சுற்றிக்கொண்டே மாமியாரின் படுக்கையையும் கவனிக்கிறவர். வேறொருவருடைய கணவர் விசுவாசி அல்ல. ஆகவே ஞாயிறு ஆராதனைக்கு வருவதே மாதத்தில் ஒருமுறைதான். இவர்களுக்கு எங்கே நேரம்? ஊழியம் என்றால் மேடை, கைப்பிரதி, கிராமச் சந்திப்பு என்றே நாம் பேசிப் பேசிப் பழக்கிவிட்டோம். அந்தக் குற்றத்தில் பாடம் எழுதுகிற எனக்கும் பங்கு உண்டு.

இந்த ஏக்கத்தை மனதில் வைத்துக்கொண்டே யோப்பா பட்டணத்துக்குப் போவோம்.

யோப்பா ஒரு துறைமுகம். கடலுக்குப் போய்த் திரும்பாத புருஷர்கள் பலர் இருந்திருப்பார்கள். விதவைகளும் அதற்கேற்ப இருந்திருப்பார்கள். அந்த ஊரில் இருந்த தபீத்தாளை லூக்கா ஒரு சீஷி என்று அறிமுகப்படுத்துகிறார். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் சீஷன் என்ற சொல் பெண்பாலில் வருவது இந்த ஓர் இடத்தில் மட்டுமே. மகதலேனா மரியாளைக் குறித்தோ, பிரிஸ்கில்லாளைக் குறித்தோ எழுதும்போது அந்தச் சொல் வரவில்லை. தையல் வேலை செய்த ஒருத்திக்கே அது வந்திருக்கிறது. அவளுக்குக் கணவர் இருந்தாரா, பிள்ளைகள் இருந்தார்களா என்று லூக்கா சொல்லவில்லை. அவள் பேசிய ஒரு வார்த்தையையும் எழுதவில்லை.

அவள் வியாதிப்பட்டு மரித்தபோது லித்தாவிலிருந்து பேதுருவை அழைத்து வருகிறார்கள். மேல்வீட்டறையில் அவரைச் சுற்றி நிற்கிற விதவைகள் அவளுடைய பிரசங்கத்தை நினைவுகூரவில்லை; அவள் செய்துகொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காட்டி அழுகிறார்கள். தாங்கள் உடுத்தியிருந்ததையே தொட்டுக் காட்டினார்கள் என்று மூலபாஷை கற்றவர்கள் சிலர் விளக்குவதுண்டு. எனக்கு அந்த விளக்கம் பிடித்திருக்கிறது. ஏழை விதவைக்கு மாற்றுடை ஏது? பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டவா போகிறாள்? முந்தானையைப் பிடித்துத்தான் காட்டியிருப்பாள்.

துணி என்றதும் நம்முடைய ஊரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டிக்குள்ளோ, சமுசிகாபுரத்துக்குள்ளோ நுழைந்தால் முதலில் கேட்பது விசைத்தறிச் சத்தம். அங்கே நெய்யப்படுவது சேலை அல்ல, பேண்டேஜ் துணி. காயத்துக்குக் கட்டுகிற மெல்லிய, இடைவெளி விட்ட பருத்தித் துணி. நம்முடைய நாட்டு மருத்துவமனைகளுக்கும் கடல் கடந்த தேசங்களுக்கும் இங்கிருந்து போகிறது. தார் சுற்றுவதிலும், தறி பார்ப்பதிலும், துணியை மடித்துக் கட்டுவதிலும் பெண்களின் கைகளே அதிகம்.

அந்தத் துணி தறியிலிருந்து இறங்கும்போது காயத்துக்கு உதவாது. பாவு நூலுக்கு ஏற்றிய கஞ்சியும், பஞ்சிலேயே இருக்கிற மெழுகும் அதில் ஒட்டியிருக்கும். தண்ணீரில் போட்டால் மிதக்கும். காரம் சேர்த்து வேகவைத்து, வெளுத்து, அலசிய பிறகே அது தண்ணீரைக் குடிக்கும். நன்றாக வெளுத்த துணியைத் தண்ணீரின்மேல் வைத்தால் பத்து விநாடிக்குள் அமிழ்ந்துவிட வேண்டும் என்பது பரிசோதனை. அப்புறம் வெட்டி, மடித்து, பொட்டலமாக்கி, 121 டிகிரி நீராவியில் கிருமி நீக்கிய பின்னரே அது காயத்தருகே வருகிறது. ஆபரேஷன் தியேட்டரில் நான் நின்ற ஆண்டுகளில் வயிற்றுக்குள் வைக்கும் துணிகளை அறுவைக்கு முன் ஒருமுறை எண்ணுவோம். தையல் போடுமுன் மறுபடி எண்ணுவோம். ஒன்று குறைந்தால் டாக்டர் வயிற்றை மூடமாட்டார். ஓரத்தில் ஒரு பிசிர் நூல் உதிர்ந்து புண்ணுக்குள் தங்கினாலும் நோயாளிக்குத் துன்பம்தான். ஆகவே துணியைக் கையில் எடுக்கும்போதே ஓரத்தைத் தடவிப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். ஓரம் சுத்தமாயிருந்தால், இதை நெய்தவளுக்கு மனம் இங்கே இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அவள் யாரென்று எனக்குத் தெரியாது. அந்தத் துணி யார் இரத்தத்தைத் துடைத்தது என்று அவளுக்கும் தெரியாது.

இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். நிறுத்தினால் கூலி குறையும். அந்த இடத்தில் யாரும் பார்க்காதபோது ஒரு கிறிஸ்தவப் பெண் என்ன செய்கிறாள் என்பது பக்தியோடு சம்பந்தப்பட்ட காரியம் இல்லையா? கொலோசெயர் 3:23-ல் எஜமானிடத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பவுல் எழுதியதை எடுத்து வாசித்துப் பாருங்கள். அடிமைகளுக்கு எழுதிய வார்த்தை அது, ஓய்வாயிருந்தவர்களுக்கு எழுதியதல்ல.

இவை சாதாரண வேலைகள், ஊழியம் வேறு என்று இன்னும் ஒருவருக்குத் தோன்றலாம். நம்முடைய மலையோரமாகவே தெற்கே போனால் களக்காட்டுக்கு அப்பால் டோனாவூர் வருகிறது. அங்கே இந்தக் கேள்வி ஒரு காலத்தில் மிகவும் கூர்மையாக எழுந்தது. 1895-ல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் திருநெல்வேலிச் சீமையில் மாட்டு வண்டியில் ஊர் ஊராய்ச் சென்று சுவிசேஷம் சொன்னவர். அவரோடு ஒரு பெண்கள் குழு இருந்தது. அதில் பொன்னம்மாள் என்ற இளம் விதவை முக்கியமானவர். பாளையங்கோட்டையில் மாமனார் வீட்டில் அடங்கிக் கிடந்த அவர் 1897-ல் அந்தக் குழுவில் சேர்ந்தார். பேச்சில் வல்லவர், கூர்ந்த அறிவுள்ளவர். 1901-ல் ஒரு சிறு பெண் கோவிலுக்கு ஒப்புக்கொடுக்கப்படாதபடி தப்பி ஏமி அம்மையாரிடம் வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பின் வேறு பிள்ளைகளும், கைக்குழந்தைகளும் வந்தார்கள். வண்டிப் பயணம் குறைந்தது. பிரசங்கிக்கப் போன பெண்கள் பால் கலக்கவும், துணி அலசவும், இரவெல்லாம் விழித்திருக்கவும் வேண்டியதாயிற்று.

படித்த பெண்கள் ஆயா வேலை செய்வதா என்ற எண்ணம் அன்றைக்குச் சபைக்குள்ளேயே பலமாக இருந்தது. சுவிசேஷ வேலையை விட்டுவிட்டுக் குழந்தை வளர்ப்பில் இறங்குவது சரிதானா என்று ஏமி அம்மையாரே தமக்குள் போராடியதை எழுதியிருக்கிறார். யோவான் 13-ல் ஆண்டவர் சீலையைக் கட்டிக்கொண்டு சீஷருடைய கால்களைக் கழுவியதே அவருக்குக் கிடைத்த விடை. பொன்னம்மாளுக்கு அந்த விடை சீக்கிரமாய்ப் புரிந்துவிட்டது போலும். நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவமனைக்கு அருகில் வைக்கப்பட்ட நோஞ்சான் குழந்தைகளின் பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டார். பிரசங்க மேடைக்குத் தகுந்தவர் பால் புட்டியைக் கொதிநீரில் போட்டு எடுக்கும் வேலைக்கு வந்தார். அந்த வேலை சரியாக நடந்ததால் பிழைத்த பிள்ளைகள் உண்டு. 1915-ல் புற்றுநோயால் அவர் மரித்தார். அவருடைய சரித்திரத்தை ஏமி அம்மையார் தனிப் புத்தகமாகவே எழுதினார்.

புற்றுநோய் என்று எழுதும்போது 37-ம் வசனத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. தபீத்தாள் வியாதிப்பட்டாள். அதை நாம் வேகமாய்த் தாண்டிப் போகிறோம். நற்கிரியைகளால் நிறைந்த ஒருத்தி வியாதிப்பட்டாள்; அது அவளுடைய பாவத்தினால் என்று லூக்கா எழுதவில்லை, விசுவாசக் குறைவு என்றும் எழுதவில்லை. எத்தனை நாள் சொல்லாமல் தைத்துக்கொண்டிருந்தாளோ என்று நான் நினைப்பதுண்டு. ஏனென்றால் நம்முடைய வெளிநோயாளர் வரிசையில் நான் பார்த்த தாய்மார்கள் அப்படித்தான் வருகிறார்கள். வீட்டில் எல்லோரையும் காட்டி முடித்துவிட்டு, கடைசியில் தன்னை. மார்பில் ஒரு கட்டி தெரிந்து மாதங்கள் ஆகியிருக்கும். கேட்டால், வலிக்கவில்லையே என்பார்கள். ஆரம்பத்தில் மார்புப் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிக்காது. வலிக்காத கட்டிக்குத்தான் சீக்கிரம் வர வேண்டும்.

பஞ்சாலைச் சகோதரிகளுக்கு இன்னொன்று. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய நாளில் நெஞ்சு இறுகி, மூச்சு வாங்கி, அடுத்தடுத்த நாட்களில் குறைந்துவிடுகிறதா? அது சளி அல்ல, பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயாக இருக்கலாம். ஆரம்பத்திலேயே கவனித்து, தூசியிலிருந்து விலகினால் சரியாகும். வருஷக்கணக்கில் விட்டால் நுரையீரல் திரும்பாது. இரத்தசோகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருந்தது. உபவாசம் எடுக்கிறோம் என்று சொல்லும் சகோதரிகளில் சிலர் உபவாசத்துக்கு வெளியிலும் சரியாகச் சாப்பிடுவதில்லை! எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்பதை ஆவிக்குரிய காரியமாக எண்ண வேண்டாம். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் உங்களுக்கும் உரியவையே.

இனி, விசுவாசியல்லாத வீட்டில் வாழ்கிற சகோதரிகளுக்காக. தபீத்தாளின் மேல்வீட்டறையில் நின்ற அதே பேதுருவே பிற்காலத்தில் 1 பேதுரு 3-ல், வசனத்துக்குக் கீழ்ப்படியாத புருஷரைப் போதனையில்லாமல் நடக்கையினாலே ஆதாயப்படுத்தலாம் என்று மனைவிகளுக்கு எழுதுகிறார். அந்த விதவைகள் பிடித்துக் காட்டிய துணி அவர் நினைவில் இருந்ததோ என்னவோ. பேசாமலே ஒரு பெண் சாட்சியாயிருக்க முடியும் என்பதை அவர் கண்ணால் கண்டவர். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருவில் ஒரே ஒரு கிறிஸ்தவ வீடாக இருக்கிறவர்களுக்கு இது தெரியும். பக்கத்து வீட்டம்மா நம்முடைய பிரசங்கத்தைக் கேட்க வரமாட்டார். தமக்குக் காய்ச்சல் வந்த வாரம் கஞ்சி கொண்டுவந்தது யார் என்பதை மறக்கவும் மாட்டார். பால்கோவா போடுகிற இடத்துக்குப் பால் ஊற்றுகிறவர் தண்ணீர் கலந்திருந்தால், வாணலியில் கிண்டுகிறவருக்குத் தெரிந்துவிடும். அதிக நேரம் எரிக்க வேண்டும், கோவா குறைவாய் நிற்கும். கலக்காமல் ஊற்றுகிறவர் யார் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஆனால் இந்த வசனத்தை வைத்து, அடி வாங்கிக்கொண்டு பொறுமையாயிரு, அதுவே சாட்சி என்று ஆலோசனை சொல்லுகிறவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களோடு நான் ஒத்துப்போகமாட்டேன். அதே அதிகாரத்தின் ஏழாம் வசனத்தில் மனைவியைக் கனம்பண்ணாத புருஷனுடைய ஜெபமே தடைப்படும் என்கிறார் பேதுரு. குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிக்கொண்டு வரும் காயங்களை நர்ஸ்மார் அறிவார்கள். அப்படிப்பட்ட சகோதரி யாராகிலும் இதை வாசித்தால், நீங்கள் மருத்துவமனையில் மறைக்க வேண்டியதில்லை. 2005-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உங்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. 181 என்ற எண்ணில் எந்நேரமும் உதவி கேட்கலாம். சங்கத் தலைவிகள் இந்த எண்ணைக் கூட்டத்தில் ஒருமுறை வாசித்துவிடும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். யாருக்குத் தேவை என்று விசாரிக்காமல் வாசித்துவிடுங்கள்.

பேதுரு முழங்காற்படியிட்டு ஜெபித்தார். தபீத்தாள் கண்களைத் திறந்தாள். அவர் கைகொடுத்து அவளை எழுப்பினார். யோப்பா முழுவதும் அது தெரிந்தது, அநேகர் கர்த்தரை விசுவாசித்தார்கள். அடுத்த நாள் தபீத்தாள் என்ன செய்தாள் என்று லூக்கா எழுதவில்லை. பாதியில் விட்ட அங்கி ஒன்று இருந்திருக்குமே. ஊசியை எங்கே வைத்தேன் என்று தேடியிருப்பாள் என்பது என் எண்ணம்.

இந்த மாதக் கூட்டத்தில் பாடத்தை வாசித்தபின் சகோதரிகள் ஒரு வேலையும் செய்யலாம். நம்முடைய பிரசவ வார்டில் பிறக்கும் குழந்தைகளைச் சுற்ற மெத்தென்ற துணி எப்போதும் தேவைப்படுகிறது. துவைத்துத் துவைத்து மென்மையான பழைய பருத்திச் சேலை, வேட்டி இருந்தால் வெந்நீரில் துவைத்து, நல்ல வெயிலில் காயப்போட்டு, ஒரு கஜ அளவாகக் கிழித்து, ஓரத்தை மடித்துத் தையுங்கள். நைலான், பாலியஸ்டர் வேண்டாம். பின்னோ கொக்கியோ தங்கிவிடாதபடி ஒவ்வொன்றையும் தடவிப் பாருங்கள். காயத்துக்குக் கட்டும் துணியை மட்டும் வீட்டில் செய்து அனுப்ப வேண்டாம்; அதற்குரிய சுத்திகரிப்பு வீட்டில் முடியாது. தைத்தவற்றைச் சுத்தமான பையில் போட்டு ஆயர் அம்மாவிடம் கொடுத்தால், மருத்துவமனை வண்டி சபைப் பக்கம் வரும்போது எடுத்துக்கொள்ளும். பையின்மேல் சபையின் பெயர் போதும். தைத்தவர் பெயர் எழுத வேண்டியதில்லை.