ஒலிநிறத்திலிருந்து தொடங்குதல்



ஒரே சுரத்தை ஒரே உரப்பில் புல்லாங்குழலும் செல்லோவும் வாசித்தாலும் காது இரண்டையும் பிரித்தறிகிறது. அந்த வேறுபாடே ஒலிநிறம். அடிப்படை அதிர்வோடு எழும் மேற்சுரங்களில் எது ஓங்குகிறது, எது அடங்குகிறது, ஒலி எப்படிப் பிறந்து எப்படித் தேய்கிறது என்பவையே அதைத் தீர்மானிக்கின்றன.

மெட்டை முடித்துவிட்டுக் கடைசியில் கருவிகளுக்குப் பங்கிடுவது நெடுநாள் வழக்கம். அதைத் தலைகீழாக்கியவர்களில் முதன்மையானவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜெரார் கிரிசே. 1975இல் 18 கலைஞர்களுக்காக எழுதிய 'பார்சியேல்' படைப்பில், டிராம்போனின் தாழ்ந்த ஈ சுரத்தைப் பகுப்பாய்ந்து, அதன் மேற்சுரங்களைக் கருவிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். டிராம்போன் முழங்கியதும் மற்றவை ஒவ்வொன்றாக அதன்மேல் ஏறுகின்றன. கேட்பவருக்கு அது தனித்தனிக் கருவிகளாகவும் இல்லை, முழுக்க ஒரே ஒலியாகவும் இல்லை. இருபதாம் நூற்றாண்டு இசையில் இதைவிட அழகான தொடக்கங்கள் மிகச் சிலவே.

இப்படி எழுதும்போது, அரைச் சுரத்தின் பாதியான கால் சுரங்கள் அலங்காரம் அல்ல; மேற்சுரங்கள் பியானோவின் சுரங்களோடு எப்போதும் பொருந்துவதில்லை. டபுள் பாஸின் தாழ்ந்த ஈ தந்தி ஏறக்குறைய 41.2 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதன் மேற்சுரங்களில் ஒன்றான ஏழு மடங்கு 288. பியானோவில் அருகிலுள்ள டி சுரமோ 294. இந்த இடைவெளியைக் கவனிக்காமல் எழுதினால் ஒலிகள் ஒன்றோடொன்று ஒட்டாது. இளம் இசையமைப்பாளர் கால் சுரக் குறியீட்டைத் தொடும் முன் இந்தக் கணக்கைத் தம் கையால் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஓர் ஒலிக்கு மற்றொரு தந்தி தானே அதிரும் ஒத்ததிர்வையும் கற்க வேண்டும்; அதற்குப் பியானோவே போதும். சில கட்டைகளை ஒலி எழாதபடி மெல்ல அழுத்திப் பிடித்தால் அந்தத் தந்திகளை விட்டு, அதிர்வை அடக்கும் டாம்பர்கள் விலகும். பிறகு வேறொரு சுரத்தை ஓங்கி அடித்து விட்டால், அதற்கு இசைவான தந்திகள் தாமே பாடும். இசையமைப்பாளர் ஷோன்பெர்க் 1909இல் பியானோவுக்கு எழுதிய ஓபஸ் 11இன் முதல் பகுதியிலேயே இந்த உத்தி உண்டு. இசையமைப்பாளர் லூசியானோ பெரியோ 1984இல் எழுதிய பத்தாம் 'செக்குவென்சா'வில் டிரம்பெட் கலைஞர் திறந்த பியானோவுக்குள் ஊதுகிறார். பியானோ கலைஞர் கட்டைகளை ஓசையின்றி அழுத்தி, எந்தத் தந்திகள் எதிரொலிக்கலாம் என்பதை மட்டும் தேர்கிறார்.

ஒலியிலிருந்து தொடங்கினால் குறியீடும் மாறுகிறது. இசையமைப்பாளர் ஹெல்முட் லாகன்மனின் 'பிரஸ்யோன்' (1969) செல்லோவுக்கானது. அதன் இசைத்தாளில் சுரங்களைவிட வில்லின் இடமும் அழுத்தமும் கையின் அசைவுமே அதிகம் எழுதப்பட்டிருக்கின்றன. இத்தகைய குறியீட்டை மேசையில் தனியே அமர்ந்து உருவாக்க முடியாது. வாசிப்பவரின் பக்கத்தில் இருந்தே எழுத வேண்டும். தேயும் ஒலிக்கு விநாடிக் கணக்குக் குறிப்பதும் பயனற்றது. தேயும் நேரம் மண்டபத்துக்கு மண்டபம் மாறும் என்பதால், முடிவை வாசிப்பவரின் காதுக்கே விட்டுவிடலாம்.