சகேயு காட்டும் நேர்மை (லூக்கா 19:1–10)

சகேயு எரிகோவின் தலைமை ஆயக்காரன். மக்கள் அவனைப் பாவியெனக் கருதினர். இயேசு அவன் வீட்டிற்குச் சென்றபோது அவன் செய்த தீர்மானங்கள் இரண்டு:

1. சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்தல்.
2. ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுத்தல்.

குற்றத்தை அறிக்கையிடுபவர் முதலுடன் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது மோசேயின் நியாயப்பிரமாணம் (எண்ணாகமம் 5:7). சகேயு அதனிலும் மேலாகக் கொடுக்க முன்வந்தான்.

மாணவர்களே, முதலாவது தீர்மானம் சேவை, இரண்டாவது நேர்மை. ஒன்று மற்றதற்கு ஈடாகாது. நண்பனிடம் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்காமல் ஆலயத்தில் காணிக்கை இடலாமா? பரீட்சையில் பார்த்தெழுதியதை மறைத்துக்கொண்டு சிரமதானத்தில் முன்னிற்கலாமா? மனம் வருந்துவது தொடக்கம் மட்டுமே. இழந்தவருக்கு ஈடுசெய்யும்போதே மனந்திரும்புதல் முழுமை பெறுகின்றது.

சிந்திக்க: நீங்கள் யாருக்கு, எதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியுள்ளது?