உப்புக் கரிக்கும் நெற்றி

கோவில்பட்டி வட்டாரத்துத் துணைச் சுகாதார நிலையம் ஒன்றில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பொறுப்பேற்றிருக்கும் அன்பு மகளுக்கு, குழந்தைகள் பிரிவுச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற பெரியம்மா ஆசி கூறி எழுதுவது.

கரிசல்காட்டு ஊர்களில் எடை ஏறாமல் நோஞ்சானாகக் கிடக்கும் கைக்குழந்தைக்குச் சூட்டப் பெயர்கள் முன்பே தயாராக உள்ளன. தாய் அடுத்த பிள்ளை உண்டாகியிருந்தால் சவலை என்றும், வயிறு ஊதி மலம் நாறினால் மாந்தம் என்றும், இருமி இருமி இளைத்தால் கணை என்றும் பாட்டிமார் சொல்லிவிடுவர். படித்த வீடுகளில் அதே குழந்தைக்குப் பிரைமரி காம்ப்ளெக்ஸ், அதாவது குழந்தைகளுக்கு வரும் தொடக்கநிலைக் காசநோய், என்ற பெயர் கிடைக்கும். இவற்றை வெறும் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. ஊட்டக்குறைவும் வயிற்றுப்போக்கும் காசநோயும் இவ்வட்டாரத்தில் மெய்யாகவே உள்ளவை, குழந்தைகள் இளைப்பதற்குப் பெரும்பாலும் காரணமாவனவும் அவையே. ஆயினும் ஒரு பெயர் கிடைத்தவுடன் தேடல் நின்றுவிடுவதால், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பிறவி நோயுள்ள குழந்தைகளில் சில, நோய் இன்னதென்று தெரியாமலேயே இறந்துபோகின்றன.

உடலின் உயிரணுக்களுக்கு உள்ளும் வெளியும் உப்பும் நீரும் உரிய அளவில் கடந்துசெல்ல வழிவிடும் புரதம் ஒன்று பிறவியிலேயே பழுதுபட்டிருப்பதுதான் இந்நோய்; அப்புரதத்தை ஆக்கும் மரபணு ஏழாவது குரோமோசோமில் இருப்பது 1989இல் கண்டறியப்பட்டது. புரதம் பழுதானால் நுரையீரலின் சளி நீர்த்தன்மை இழந்து பசைபோல் இறுகுகிறது; இரைப்பைக்குப் பின்னால் இருந்து செரிமான நீரைச் சுரக்கும் கணையத்தின் குழாய்களும் அவ்வாறே அடைபடுகின்றன. இறந்த குழந்தைகளின் கணையத்தில் நீர்க்கட்டிகளும் நார்த்தழும்பும் இருப்பதைக் கண்டு, 1938இல் இதனைத் தனி நோயாக விவரித்தவர் நியூயார்க் மருத்துவர் டோரதி ஆண்டர்சன். வெள்ளையர்க்கு மட்டுமே உரிய நோய் என்று நெடுங்காலம் கருதப்பட்டாலும், இந்தியக் குழந்தைகளிடமும் இது உண்டு என்பது 1968இலேயே மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் குதிகாலில் துளி இரத்தம் எடுத்து இந்நோயைத் தேடும் முறை பல மேலை நாடுகளில் உண்டு. நாடு தழுவிய அத்தகைய ஏற்பாடு இந்தியாவில் இல்லாமையால், எடை பார்க்க வரும் செவிலியரின் ஐயமே இங்கு முதற் பரிசோதனையாகிறது.

அந்த ஐயத்துக்கு முதல் இடம் குழந்தையின் நெற்றி. வியர்வை சுரக்கும்போது உப்பு மிகுந்தே சுரக்கிறது. தோலின் மேற்பரப்பை அடையுமுன் குழாயின் சுவர் அந்த உப்பில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. இந்நோயில் அந்த உறிஞ்சல் நடைபெறாததால், உச்சி முகர்ந்து முத்தமிடும் தாயின் உதட்டில் உப்புக் கரிக்கும். வியர்வை காய்ந்த பின் காதோரத்திலும், முடி தொடங்கும் விளிம்பிலும், கழுத்து மடிப்பிலும் வெண்மையான பொடி பூத்திருக்கும். குளிப்பாட்டிப் பவுடர் போடும் வழக்கமுள்ள வீடுகளில் அது பவுடர் என்றே துடைக்கப்பட்டுவிடும் ஆதலால், காலையில் குளிப்பாட்டும் முன் பார்ப்பது நல்லது. நெற்றி கரிக்கும் பிள்ளை நிலைக்காது என்னும் நம்பிக்கை ஐரோப்பிய நாட்டுப்புறங்களில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது. கண்ணேறு கழிக்க உப்பும் மிளகாயும் சுற்றிப் போடும் இவ்வூர்ப் பாட்டிமாரிடம், பிள்ளையின் நெற்றியே கரிக்கிறதா என்று கேட்டுப் பார்த்தால் விடை உடனே வரும், ஏனெனில் பிள்ளையை அதிகம் முத்தமிடுவோர் அவர்களே.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்து வெயிலில் இந்த உப்பிழப்பு வெறும் அடையாளமாக நின்றுவிடுவதில்லை, உயிருக்கே ஆபத்தாகிறது. 1948ஆம் ஆண்டு நியூயார்க்கில் கடும் வெப்பம் வீசியபோது சோர்ந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் பலர் இந்நோய் உள்ளவர்களாக இருந்ததைக் கவனித்த பால் டி சான்டாக்னீஸ் என்னும் மருத்துவர், அந்தத் தடயத்தைப் பின்தொடர்ந்து, வியர்வையில் உப்பு மிகுவதை 1953இல் நிறுவினார். பங்குனி தொடங்கித் தகரக் கூரைக்குக் கீழே தூளியில் கிடக்கும் குழந்தை, பெரிய வயிற்றுப்போக்கு எதுவுமின்றியே பால் குடிக்க மறுத்து, வாந்தி எடுத்து, கண் குழிந்து, துவண்டுபோனால், வெயில் தாக்கியது என்று நீர் கொடுத்து அனுப்பிவிடாமல், இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு ஆகிய உப்புகளின் அளவைப் பார்க்கச் சொல்லி உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அந்த உப்புகள் குறைந்து இரத்தத்தின் காரத்தன்மை கூடும் இந்நிலையோடுதான் வெப்ப நாடுகளில் பல குழந்தைகள் முதன்முதலில் மருத்துவமனைக்கு வருகின்றன.

அடுத்துப் பார்க்க வேண்டியது மலத் துணி. கணைய நீர் குடலை அடையாததால் பாலின் கொழுப்பு செரிக்காமல் வெளியேறி, மலம் வெளிறி, மிகுதியாக, பிசுபிசுவென்று, தாங்க முடியாத நாற்றத்தோடு போகும். பழைய வேட்டியைக் கிழித்துப் போட்ட துணியைச் சோப்புப் போட்டுக் கசக்கிய பிறகும் எண்ணெய்க் கறை போகாது. இத்தனைக்கும் குழந்தை பால் குடிக்காமல் இருப்பதில்லை, ஓயாமல் குடிக்கும். நன்றாகக் குடித்தும் தாய் சேய் நல அட்டையின் எடைக்கோடு படுத்தே கிடப்பதுதான் கருத்தில் கொள்ள வேண்டிய முரண்பாடு. தாய்க்குப் பால் போதவில்லை என்று பழி சொல்லிப் புட்டிப்பாலுக்கு மாற்றுவது அந்த முரண்பாட்டை மறைத்துவிடும். சில குழந்தைகளுக்குப் புரதம் குறைந்து காலும் முகமும் வீங்கும். வேறு சிலவற்றுக்கு ஆசனவாய்ச் சவ்வு வெளித்தள்ளும். விட்டு விட்டு வரும் நிமோனியாவும், மருந்துக்கு அடங்காமல் வாரக்கணக்கில் நீளும் ஈர இருமலும் மூன்றாவது தடயம். காசநோய் மருந்து முழுவதும் கொடுத்தும் எடை ஏறாத குழந்தையை அதே மருந்துக்கு மீண்டும் அனுப்பாமல் மறுபடி ஆராயச் சொல்வது செவிலியரின் உரிமை. பிறந்த குழந்தை இரண்டு நாளாகியும் காட்டுப்பீ எனப்படும் கருமலம் கழிக்காமல் வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி எடுத்தால், காரணம் எதுவானாலும் அது அன்றே அறுவை மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை.

இவற்றில் ஒன்றை மட்டும் கண்டு நோயின் பெயரைத் தாயிடம் சொல்லிவிடுவது பெருந்தவறு. கோடையில் எல்லாக் குழந்தையும் ஓரளவு கரிக்கும். பல தடயங்கள் ஒன்றுகூடும்போது செய்ய வேண்டியது வியர்வைப் பரிசோதனை. 1959இல் வகுக்கப்பட்ட முறைப்படி, முன்கையில் மருந்து தடவி, மிகச் சிறிய மின்னோட்டம் செலுத்தி வியர்க்க வைத்து, சுமார் அரைமணி நேரம் வியர்வை சேகரித்து, குளோரைடு அளக்கப்படுகிறது, ஊசி இல்லை. லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் இருக்க வாய்ப்பு மிகுதி, 30க்குக் கீழ் என்றால் மிகக் குறைவு, இடைப்பட்டது என்றால் மறுபரிசோதனையும் மரபணுச் சோதனையும் தேவை. உடல் வீங்கியிருக்கும் குழந்தைக்கு அளவு பொய்யாகக் குறைந்து காட்டக்கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இப்பரிசோதனை எல்லா ஊரிலும் இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மருத்துவமனைகளில் உண்டு. கோவில்பட்டி அரசு மருத்துவமனைக் குழந்தை மருத்துவரிடமும், 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்திடமும் எழுத்து மூலம் பரிந்துரைத்து அனுப்புவதே முறையான தொடக்கம்.

தாய்மாமனையோ அத்தை மகனையோ மணந்த வீடுகளில், நோய் எங்கிருந்து வந்தது என்னும் கேள்வி காயமாக மாறிவிடும். பழுதான மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவர் நலமாகவே இருப்பர், இருவரும் சுமந்தால் ஒவ்வொரு பேற்றிலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்கு நோய் வரும், உறவில் மணந்தோரிடம் அந்தப் பொருத்தம் நேர்வது கூடுதல். மரபணு இருவரிடமிருந்தும் சரிபாதியாக வருவதை மாமியார் கேட்கும்படியே சொல்ல வேண்டும், இல்லையேல் பழி முழுவதும் பெற்றவள் தலையில் விழும். முன்பு பிறந்த பிள்ளை ஒன்று இளைத்து இறந்ததா என்ற கேள்வியைத் தனியே, மெதுவாகக் கேட்க வேண்டும்.

நோய் உறுதியானால் செய்வதற்கு நிறைய உண்டு: தாய்ப்பால் உட்பட ஒவ்வோர் உணவோடும் கணைய நொதி மருந்து, மருத்துவர் குறிக்கும் அளவில் கூடுதல் உப்பு, ஏ, டி, ஈ, கே உயிர்ச்சத்துகள், மார்பைத் தட்டிச் சளி இறக்கும் பயிற்சி, தொற்றுக்கு உடனடி மருந்து. பழுதான புரதத்தையே இயங்கவைக்கும் மாத்திரைகள் 2012 முதல் வெளிநாடுகளில் வந்துள்ளன. அவற்றின் விலை கரிசல் வீட்டுக்கு எட்டாதது, ஆயினும் 2021ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் இந்நோயும் இடம்பெற்றிருப்பதால் உதவி கேட்க வழி உண்டு.

பங்குனி பிறக்கும் முன், பதிவேட்டில் மூன்று மாதமாக எடை ஏறாத குழந்தைகளின் வீடுகளுக்கு மகள் ஒருமுறை நேரில் போய்வர வேண்டும். போகும்போது அங்கன்வாடி எடைத் தராசையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும்.