உறைபனி நாட்கள்: மலை வீடுகளுக்கு

மழை ஓய்ந்து வானம் வெளுத்துவிட்டது. நீலகிரியில் இனி மாசி வரைக்கும் உறைபனிதான். மேகமும் காற்றும் இல்லாத இரவில்தான் குளிர் அதிகம்; பகலில் மண் வாங்கிய சூடெல்லாம் தடையின்றி மேலே போய்விடும். கனத்த குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஓடையோரத்திலும் தாழ்விலும் வீடு வைத்திருப்பவர்கள் மேட்டுவீட்டுக்காரர்களுக்கு முன்பே ஆயத்தமாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கரிச்சட்டி. இரவுச் சமையல் முடிந்ததும் தணலை இரும்புச் சட்டியில் அள்ளிப் படுக்கிற அறையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டுத் தூங்குகிறோம். தயவுசெய்து இதை இன்றோடு விட்டுவிடுங்கள். புகை அடங்கிவிட்டதே, இனி பயமில்லை என்று நினைப்பதில்தான் உயிர் போகிறது. புகையில்லாமல் சிவந்து கனலும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டவேண்டிய இடத்தை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது பிடித்துக்கொள்கிறது. விழித்திருப்பவருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வரும். தூங்குகிறவருக்கு அதுகூடத் தெரியாது. ஜன்னலை விரலளவு திறந்து வைப்பதை நம்பாதீர்கள். குளிர் காய்வதானால் வாசலில் காயுங்கள், தணலை அங்கேயே அணைத்துவிட்டு உள்ளே வாருங்கள். சுற்றுலா வருபவர்களுக்கு அறை விடுகிறவர்கள், அவர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் சட்டியை உள்ளே கொடுக்கக் கூடாது. யாராவது மயங்கிக் கிடந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு கதவு ஜன்னலைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்து, 108-ஐ அழையுங்கள்.

கணப்பு உள்ள பழைய வீடுகளில் புகைபோக்கியை இந்த வாரமே துடையுங்கள். பறவைக் கூடும் கரித்திட்டும் அடைத்திருந்தால் கணப்பும் கரிச்சட்டியும் ஒன்றுதான். சீகை விறகு நன்றாக நின்று எரியும். ஆனால் பச்சையாக வெட்டிய கட்டையில் பாதி எடை தண்ணீர். அதைக் காயவைக்கவே சூடு செலவாகும். பிளந்து அடுக்கிப் போன வருடத்திலிருந்து காய்ந்ததை மட்டும் இப்போது எடுங்கள். பச்சையை அடுத்த பனிக்கு அடுக்கி வையுங்கள்.

இனி, நெருப்பே இல்லாத படுக்கையறை. தகரக் கூரை வழியாகத்தான் சூடு அதிகம் ஓடுகிறது. கூரைக்கு அடியில் மூங்கில் பாயோ பிளைவுட்டோ அடித்தால் ஒரு கம்பளி கூடப் போர்த்தியது போலிருக்கும், விடியலில் சொட்டும் நீரும் குறையும். கதவடி இடுக்குக்கு மணல் நிரப்பிய துணிப்பை, ஜன்னல் சந்துக்குப் பழைய செய்தித்தாள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் தெற்கு ஜன்னலைப் பகலெல்லாம் வெயிலுக்கு விடுங்கள். நான்கு மணிக்கே சாத்தித் திரை போடுங்கள். ஈரத்துணியை உள்ளே உலர்த்த வேண்டாம். அடுப்பெரியும் சமையலறையின் காற்றுவழியை மட்டும் ஒருபோதும் அடைக்காதீர்கள்.

ஹீட்டர் வாங்கியிருந்தால் 16 ஆம்பியர் பிளக்கில், நேராகச் சுவரில் மாட்டுங்கள். 2000 வாட் ஹீட்டர் மணிக்கு 2 யூனிட் இழுக்கும். படுக்கும் முன் அரைமணி நேரம் ஓட்டி அணைத்தால் போதும். பெரியவர்களுக்கு வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் கால்மாட்டில் வையுங்கள். குளிர் உச்சத்துக்குப் போவது விடியும் நேரத்தில்தான். வெயில் முற்றத்துக்கு வரும்வரை அவர்களைக் குளிக்க எழுப்ப வேண்டாம்.