விமான நிலையத்தில் பெட்டி ஒப்படைப்பு: ஆளா, இயந்திரமா?

விமானப் பயணி தம் பெட்டியை ஒப்படைக்க, நம் நாட்டின் பெரிய நிலையங்கள் சிலவற்றில் இன்று இரு வழிகள் உள்ளன. ஒன்று, அலுவலர் அமர்ந்திருக்கும் கவுண்டர். மற்றது, பயணி தாமே இயக்கும் இயந்திரம். டில்லி நிலையத்தில் 2024 ஜூன் மாதம் ஏறக்குறைய 50 இயந்திரங்கள் இவ்வகையில் செயற்பாட்டுக்கு வந்தன. ஒரு பயணிக்கு ஒரு நிமிடம் ஆன வேலை 30 வினாடியில் முடியும் என நிர்வாகம் அறிவித்தது.

ஆயினும் பயணி வினாடிகளை எண்ணித் தேர்வு செய்வதில்லை. அவர் முதலில் நோக்குவது வரிசையின் நீளத்தை. அடுத்துத் தம் பெட்டியின் எடையை. உள்நாட்டுப் பயணத்தில் பொதுவாக 15 கிலோ வரையே கட்டணமின்றி ஏற்கப்படுகிறது. எடை மிகுந்தால் இயந்திரம் பெட்டியை ஏற்க மறுத்துவிடும்; அலுவலரோ, எதை எடுத்துக் கைப்பையில் வைக்கலாம் என்று வழி சொல்வார். எனவே ஒரே பெட்டியுடன் அடிக்கடி பறப்பவர் இயந்திரத்தை நாடுவதும், கைக்குழந்தையும் ஆறு பெட்டிகளுமாக வரும் குடும்பம் கவுண்டரை நாடுவதும் இயல்பே. இதனைப் பழமைப் பற்று என்று கொள்வது பிழை. முதன்முறை பறப்பவருக்குத் தவறு நேர்ந்தால் விமானமே தவறிப்போகும். அந்த அச்சத்துக்கு விலை உண்டு.

தேர்வே இல்லாத காலமும் இருந்தது. 2020 மே 25 அன்று உள்நாட்டு விமானங்கள் மீண்டும் பறந்தபோது, இணையவழிப் பதிவு கட்டாயமாயிற்று; ஒரு பெட்டிக்கே அனுமதி. அடையாளச் சீட்டை அச்சிட இயலாதவர், கெட்டித் தாளில் பெயரையும் முன்பதிவு எண்ணையும் எழுதி வலுவான கயிற்றால் கட்டலாம் என்றது அரசின் வழிமுறை. நோய்த்தொற்றுக் காலத்தில் அது நியாயமே.

ஆனால், கவுண்டரில் ஏறுசீட்டு பெறுவோரிடம் விமான நிறுவனங்கள் 200 ரூபாய் வரை வசூலித்தது வேறு வகை நிர்ப்பந்தம். 1937ஆம் ஆண்டின் வானூர்தி விதிகளுக்கு அது பொருந்தாது என 2022 ஜூலையில் அமைச்சகம் அறிவித்தது.

ஆகவே, இயந்திரத்தைப் பயன்படுத்துவோர் தொகை உயர்ந்தது என்ற புள்ளிவிவரத்தைக் காணும் அலுவலர், அதே மாதத்தில் எத்தனை கவுண்டர்கள் திறந்திருந்தன என்பதையும் கேட்க வேண்டும். மூடிய கவுண்டரின் முன்னிருந்து இயந்திரத்துக்கு நகர்ந்தவர், விரும்பித் தேர்ந்தவர் ஆகார். இயந்திரத்தருகே உதவிக்கு நிற்கும் ஊழியரின் ஊதியமும் அந்தக் கணக்கில் சேரவேண்டியதே.