31 மீற்றரும் 9.68 மெகாஹேர்ட்சும்

அன்புள்ள மருமகளுக்கு,

அம்மம்மாவின் அலுமாரிக்குள் கிடந்த றேடியோவில் 31 மீற்றர் என்றும், அதற்கு நேரே 9.7 மெகாஹேர்ட்ஸ் என்றும் போட்டிருக்கிறதே, எது சரி என்று கேட்டிருந்தாய். இரண்டும் சரிதான் பிள்ளை. முதலாவது அலைநீளம், மற்றது மீடிறன்.

வெற்றிடத்தில் மின்காந்த அலைகள் எல்லாமே செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். பெரியவரும் சின்னப் பிள்ளையும் ஒரே வேகத்தில் சந்தைக்கு நடந்தால், காலடி சிறிதான பிள்ளைதான் கூடுதலான அடி வைக்கவேண்டும். அலைக்கும் அதே கதைதான். நீளம் குறைந்தால் ஒரு செக்கனில் வரும் அலைகளின் எண்ணிக்கை, அதாவது மீடிறன், கூடும். இரண்டையும் பெருக்கினால் எப்போதும் ஒளியின் வேகமே வரும். றேடியோவுக்குக் கணக்கு இன்னும் சுகம்: 300ஐ மீற்றரால் வகுத்தால் மெகாஹேர்ட்ஸ். 300ஐ 31ஆல் வகுத்துப் பார், 9.68 வரும்; அதைத்தான் றேடியோவில் 9.7 என்று போட்டிருக்கிறது.

அந்த 31 மீற்றர்ப் பக்கம் எங்கள் சனத்துக்கு எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதையும் நீ அறியவேண்டும். தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், பொருளாதாரத் தடையால் இலங்கையின் வன்னிக்குள் பற்றரி வராது, மின்சாரமும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வரும் மின்னில் பிபிசியின் தமிழ் ஒலிபரப்பான தமிழோசையை அந்த 31 மீற்றர்ப் பக்கத்தில் கேட்டார்கள். டைனமோ தருவது ஆடலோட்டம். டையோடும் கொள்ளளவியும் பூட்டி நேரோட்டமாக்கித்தான் றேடியோவுக்குக் கொடுக்கவேண்டும். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேயும். பௌதிகவியல் படிக்காத கைகளும் இதைச் செய்தன. எனக்கு அதில் பெரிய மதிப்பு.

தொலைதூரத்திலிருந்து தமிழோசை எப்படி வன்னிக்கு வந்தது? நிலத்துக்கு மேலே மிக உயரத்தில் அயன் மண்டலம் இருக்கிறது. 31 மீற்றர் போன்ற சிற்றலை அதில் வளைந்து மீண்டும் பூமிக்கு இறங்கும். 100 மெகாஹேர்ட்ஸ் பண்பலை பெரும்பாலும் அதைத் துளைத்து வெளியே போய்விடும். அதனால்தான் பண்பலை கோபுரத்தைச் சுற்றிய பகுதியோடு நின்றுவிடுகிறது. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30இல் நின்றுபோனது; அந்த றேடியோவில் பண்பலை இருந்தால் அதை இன்னும் கேட்கலாம்.

100 மெகாஹேர்ட்சுக்கு அலைநீளம் 3 மீற்றர். ஏரியல் கம்பி அதில் காற்பங்கு, அதாவது 75 சென்றிமீற்றர் இருந்தால் நன்றாகப் பிடிக்கும். அடிமட்டத்தால் அளந்து, கம்பியை அந்த நீளத்துக்கு இழுத்துப் பார். பிறகு பாதியாகச் சுருக்கிக் கேட்டுவிட்டு, என்ன வித்தியாசம் என்று எழுது.

அன்புடன்,
மாமா