தோழி ஓசூருக்கு வந்தால் எங்கே கூட்டிப்போவது?

ஓசூரில் இருக்கும் நாம் விருந்தாளி வந்ததும் செய்கிற முதல் தப்பு, மறுநாள் காலையிலேயே அவர்களைப் பெங்களூர் பஸ்ஸில் ஏற்றுவது. லால்பாக், கப்பன் பார்க், ஒரு மால், ராத்திரி கால் வலியோடு வீடு. பதினாறு வருடமாக நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். சிப்காட்டில் வேலை கிடைத்து இங்கே வந்த நம்மில் பாதிப் பேருக்கு ஓசூர் என்றால் வாடகை வீடு, கம்பெனி பஸ், பண்டிகைக்கு ஊருக்குப் போக டிக்கெட். அவ்வளவுதான்.

போன பொங்கலுக்குத் திருவாரூரிலிருந்து என் பள்ளித் தோழி வந்தாள். பெங்களூர் பேச்சை எடுத்ததுமே, "மால் பாக்க நான் வரலடி. நீ இத்தன வருஷம் எந்த ஊர்ல இருக்கேன்னு பாக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டாள். மூன்று நாள் சுற்றினோம். அந்த வழியை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் நண்பர் வரும்போது நீங்களும் லீவு போடுங்கள். பெங்களூரை அவர் இன்னொரு தடவை தனியாகப் பார்த்துக்கொள்ளட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்திப்பள்ளியில் லாரிகளுக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கொண்டவள் என்ற முறையில் சொல்கிறேன்.

முதல் நாள் விடிந்ததும் சந்திரசூடேஸ்வரர் மலை. இந்த ஊர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தையில் ஸ்வெட்டர் இல்லாமல் கிளம்பாதீர்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் குளிர் தெரியாது, நீங்களே ஒன்று எடுத்து வையுங்கள். மலைமேல் வரை வண்டி போகும், ஆனாலும் நடந்து ஏறுங்கள். மரகதாம்பாளையும் சந்திரசூடேஸ்வரரையும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து பாறை ஓரமாக நின்றால் ஊர் முழுதும் கண்ணில் படும். அடிவாரத்தில் தேர்ப்பேட்டை, பங்குனியில் தேர் ஓடும்போது கர்நாடகத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் ஜனம் வந்து குவியும் தெரு அது. இந்தப் பக்கம் ராமநாயக்கன் ஏரி. அதைத் தாண்டிப் பனிக்குள் வெள்ளை வெள்ளையாகத் தகரக் கூரைகள்.

அந்தக் கூரைகளைக் காட்டத்தான் அவளைக் கூட்டிவந்தேன். "உங்க அப்பா வச்சிருந்தாரே டிவிஎஸ் 50, அது இங்க செஞ்சது" என்றேன். 1980-ல் இந்த ஊரிலிருந்துதான் அந்த மொபெட் வெளியே வந்தது. அதே வருடம்தான் அசோக் லேலண்டும் இங்கே ஆலை போட்டது. நாங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தொங்கிக்கொண்டு போன டவுன் பஸ்ஸின் முகப்பில் இருந்த பெயர் அது. 1987-ல் டைட்டன் கடிகாரம். பிளஸ் டூ பாஸ் செய்ததற்கு அப்பா வாங்கித் தந்ததை அவள் இன்னும் கட்டியிருக்கிறாள். மணிக்கட்டைத் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். உங்கள் நண்பர் வீட்டிலும் இந்த மூன்றில் ஒன்றாவது இருந்திருக்கும். கேட்டுப் பாருங்கள், மலைமேல் நின்று கேளுங்கள்.

ஆலைக்குள் சும்மா போய்ப் பார்க்க விடமாட்டார்கள். அதனால் ஷிப்ட் மாறும் நேரத்தில் சிப்காட் ரோட்டில் ஒரு டீக்கடை பெஞ்சில் போய் உட்காருங்கள். சங்கு ஊதியதும் சீருடைப் பெண்கள் கூட்டமாக வருவார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை, கேட்டைத் தாண்டியதும் பைக்குள்ளிருந்து எடுத்து வைத்துக்கொள்கிற பூ. தர்மபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் என்று ஒவ்வொரு ஊர்ப் பேச்சும் காதில் விழும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். தோழி அன்றுதான் என்னை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தாள்.

அடுத்தது உழவர் சந்தை, காலை ஏழரைக்குள். சந்தையில் பேச்சைக் கவனியுங்கள். எங்களுக்குத் தக்காளி நிறுத்த அம்மா எங்களிடம் தமிழிலும், பக்கத்துக் கடைக்காரரிடம் தெலுங்கிலும், அடுத்து வந்தவரிடம் கன்னடத்திலும் பேரம் பேசினார். மூன்றிலும் தடங்கல் இல்லை. தையில் போனால் மொச்சைக்காய் மலைபோலக் குவிந்திருக்கும். ஒரு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள், சாயங்கால வேலைக்கு.

மத்தியானம் தொரப்பள்ளி போய் வாருங்கள். பத்துக் கிலோமீட்டருக்குள்தான். 1878 டிசம்பர் 10-ல் ராஜாஜி பிறந்த வீட்டை அரசு நினைவில்லமாக வைத்திருக்கிறது. சின்ன ஓட்டு வீடு. சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரல் பதவி வரைக்கும் போன மனிதர் இந்தத் திண்ணையில் தவழ்ந்தார் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஓசூர் ஆர்.வி. பள்ளியில் படித்துவிட்டு, மேலே படிக்கப் பெங்களூருக்குத்தான் போனார். அன்றிலிருந்தே இந்த ஊர்ப் பிள்ளைகளின் பாதை அதுதான் போல.

கெலவரப்பள்ளி அணை வேண்டாம். பெங்களூர்க் கழிவு தென்பெண்ணையில் கலந்து வந்து நுரையாக நிற்கிறது. ஆற்றைப் பார்க்கவே மனசு தாங்காது.

ராத்திரிக்குப் பிதுக்கம்பருப்புக் குழம்பு. மொச்சையை உரித்துத் தண்ணீரில் ஊறவையுங்கள். ஊறிய கொட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு அழுத்து அழுத்தினால், தோல் கையில் நிற்கும், பச்சைப் பருப்பு வழுக்கிக்கொண்டு போய்ப் பாத்திரத்தில் விழும். நான்கைந்து தடவை தரையில் விழுந்தபிறகுதான் கை பழகும். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் பேசியதை எட்டு வருடப் போன் பேச்சில் பேசியதில்லை. பிதுக்கிய பருப்பைச் சந்தையில் பையில் போட்டும் விற்கிறார்கள், வாங்காதீர்கள். கூடவே கேழ்வரகுக் களி. களியை மென்று தின்னக் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும்.

இரண்டாம் நாள் கிருஷ்ணகிரி. பஸ் அடிக்கடி இருக்கிறது, ஒரு மணி நேரம். கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது. 2004-ல் மாவட்டத் தலைநகர் ஆன ஊர், இன்னும் ஸ்டேஷன் இல்லை. வெளியூரிலிருந்து ரயிலில் வருகிறவரை ஓசூரில் இறங்கச் சொல்லுங்கள். நாங்கள் மூவாயிரத்து ஐந்நூறு கொடுத்து ஒரு நாளைக்குக் கார் வைத்துக்கொண்டோம். டோல் தனி.

கோட்டை மலையில் ஏழு மணிக்குள் ஏற ஆரம்பித்துவிடுங்கள். ஊரில் சையத் பாஷா மலை என்று கேளுங்கள். பதினொரு மணிக்குப் பாறை சுடும், மேலே குடிக்கத் தண்ணீர் இல்லை, ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுத்துப் போங்கள். விஜயநகரத்தார் காலத்துக் கோட்டை, பிறகு ஹைதர் அலி, திப்பு கைக்குப் போனது. 1791-ல் மேக்ஸ்வெல் தலைமையில் வந்த ஆங்கிலப் படை ஏணி போட்டு ஏறப் பார்த்தது. மேலே இருந்தவர்கள் பாறைகளை உருட்டிவிட்டார்கள். ஏணியும் நொறுங்கியது, ஏறியவர்களும் நசுங்கினார்கள், படை திரும்பிப் போனது. மூச்சு வாங்கிக்கொண்டு பாதி வழியில் உட்கார்ந்து, கீழே சரியும் அந்தப் பாறைச் சரிவைப் பார்க்கும்போது அது எப்படி நடந்திருக்கும் என்று நன்றாகவே புரிந்தது. மறு வருடமே ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில், கிருஷ்ணகிரியும் சேர்ந்த பாராமகால் பகுதி முழுதும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போய்விட்டது. போரில் கொடுக்காத கோட்டை காகிதத்தில் போனது. மலைமேல் தர்காவும் இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காருங்கள், காற்று அப்படி வரும்.

இறங்கியதும் அரசு அருங்காட்சியகம். நடுகற்களை மட்டுமாவது பாருங்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவன், ஊரைக் காத்துச் செத்தவன் என்று இந்த மாவட்டம் முழுக்க வீரர்கள் கல்லாக நிற்கிறார்கள்.

இப்போது அணை. 1957-ல் காமராஜர் திறந்துவைத்த கே.ஆர்.பி. அணை. சாதாரண நாளில் போனால் இதைவிட நல்ல மத்தியானம் இந்த மாவட்டத்தில் கிடையாது. பூங்காவில் மரநிழல், வெளியே வரிசையாக மீன் கடைகள். மசாலா தடவிச் சிவந்த கட்லாவும் ஜிலேபியும் தட்டில் கிடக்கும். நீங்கள் கை காட்டுகிற மீனை எண்ணெய்ச் சட்டியில் போட்டு, ஓரம் மொறுமொறுவென்று ஆனதும் வெங்காயத்தோடு வாழையிலைத் துண்டில் வைத்துத் தருவார்கள். விரல் சுட்டாலும் ஊதி ஊதித் தின்ன வேண்டும், ஆறவிடக் கூடாது.

நாங்கள் போனது காணும் பொங்கல் அன்று. தயவுசெய்து அந்த நாளில் போகாதீர்கள். இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே கார் நின்றுவிட்டது. கடைக்கு ஆள் பிடிக்கும் பையன்கள் ரோட்டின் நடுவே நின்று வண்டிகளை மறித்தார்கள். ஒருவன் எங்கள் கார்க் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தான், "அக்கா, எங்க கடைதான், புது மீனு" என்று. தோழி பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தொல்லை தாங்காமல் அவன் காட்டிய கடைக்கே போனோம். காலையில் பொரித்ததை மறுபடி எண்ணெயில் முக்கி எடுத்துக் கொடுத்தார்கள், உள்ளே ஆறிப்போயிருந்தது. விலை கேட்டபோது ஒன்று சொன்னார்கள், பில் வந்தபோது அதற்கு இரண்டு மடங்கு. ஏன் என்றால், "அது சின்ன துண்டுக்கு" என்றார்கள். எங்கள் இலையில் இருந்ததும் சின்னத் துண்டுதான். அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவள் முன்னால் நான் சத்தம் போட்டுச் சண்டை பிடிக்க வேண்டியதாயிற்று. பாதிப் பணம்தான் திரும்பி வந்தது. என் ஊர் என்று பெருமையாக அழைத்துப் போன இடத்தில் இப்படி ஆனது இன்னும் ஆறவில்லை. நீங்கள் போகும்போது மீனை நீங்களே பார்த்து எடுங்கள், எடையும் விலையும் சட்டியில் போடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள், ரோட்டில் கை காட்டிக் கூப்பிடும் கடைப் பக்கமே திரும்பாதீர்கள்.

மனசு கசந்துபோன அந்தச் சாயங்காலத்தை மீட்டுக் கொடுத்தது மல்லச்சந்திரம். ஓசூர் திரும்பும் வழியில், சாமல்பள்ளம் பக்கம் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போக வேண்டும். ஒரு பாறைக் குன்று. மேலே நூற்றுக்கும் அதிகமான கல்திட்டைகள். சுற்றிலும் பலகைக் கற்கள், மேலே ஒரு பெரிய மூடுகல். சிலவற்றில் பலகையில் வட்டமாக ஒரு துளை, ஒரு சிறுவன் நுழையும் அளவுக்கு. பெருங்கற்காலத்து மனிதர்கள் செத்தவர்களுக்குக் கட்டிய வீடு. ஊர்க்காரர்கள் பாண்டவர் வீடு என்கிறார்கள். டிக்கெட் இல்லை, கடை இல்லை, நாங்கள் போனபோது ஆடு மேய்த்த ஒரு தாத்தா மட்டும் இருந்தார். வெயில் சாயும் நேரத்தில் அந்தத் துளை வழியாக வெளிச்சம் உள்ளே விழுந்து தரையில் வட்டமாகக் கிடந்தது. தோழி வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். இதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு 4,200 வருடம் பழையது என்று 2022-ல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். இரும்பை உருக்கவும் அடிக்கவும் ஆட்கள் இந்த மண்ணுக்கு வந்தது சிப்காட்டுக்குப் பிறகுதான் என்று நினைத்திருந்தேன். இந்த மூன்று நாளில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் மல்லச்சந்திரத்தைப் பாருங்கள். கல்லில் பெயர் எழுதாதீர்கள், மேலே ஏறி நின்று போட்டோ எடுக்காதீர்கள்.

மூன்றாம் நாள் ரோஜா. பாகலூர், பேரிகைப் பக்கம் பாலிஹவுஸ் இல்லாத ஊரே இல்லை. தெரிந்தவர்கள் மூலம் போங்கள். மருந்து அடித்திருந்தால் உள்ளே விடமாட்டார்கள், விடவும் கூடாது. என்னோடு வேலை பார்க்கிறவளின் அண்ணன் தோட்டத்துக்குப் போனோம். தாஜ்மஹால் என்ற சிவப்பு ரகம். ஒவ்வொரு மொட்டுக்கும் வலைத் தொப்பி போட்டிருந்தார்கள், அவிழாமல் நீளமாக வளர வேண்டுமாம். பிப்ரவரி 14-க்குப் பூ வெளிநாடு போக, டிசம்பரிலேயே கொழுந்தைக் கிள்ளிவிட்டு நாள் எண்ணுகிறார்கள். அண்ணன் கிள்ளிய தேதியைக் கம்பத்தில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார். ஒரு கட்டுக்கு இருபது. தோழிக்கு ஒரு கட்டு கொடுத்தார், காசு வாங்கவில்லை.

தளியைக் குட்டி இங்கிலாந்து என்பார்கள். போகிற வழி பச்சையாக இருக்கும், போய்ச் சேர்ந்து பார்க்க ஒன்றும் இல்லை. அந்தி சாய்ந்தபின் தளி, ஜவளகிரி, சானமாவு காட்டு ரோடுகளில் பைக்கில் போகவே போகாதீர்கள். கேழ்வரகு அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைகள் கூட்டமாக இறங்கி வரும், மாதக்கணக்கில் இங்கேயே சுற்றும்.

மாம்பழத்துக்காகவே வருகிறவர் என்றால் தை வேண்டாம், ஜூனில் வரச் சொல்லுங்கள். கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சி நடக்கும் சமயம்.

சாயங்காலம் அவளை பஸ் ஏற்றினேன். ரோஜாக் காம்பின் அடியை ஈரத் துணியால் சுற்றி, மேலே செய்தித்தாளைத் தளர்வாகச் சுருட்டிக் கொடுத்தனுப்புங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வெந்துவிடும். மறுநாள் போன் பண்ணினாள், இருபதில் பதினெட்டு நிமிர்ந்து நிற்கிறதாம். டப்பாவில் போட்டுக் கொடுத்த பிதுக்கம்பருப்புதான் வழியிலேயே புளித்துவிட்டது. அதை மட்டும் உரிக்காமல் காயாகவே கொடுத்துவிடுங்கள்.